வெள்ளிக்கிழமை ஈரல்கள்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் பழைய பதிவேடுகளை இப்போது கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் பெண் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். "தொண்ணூறுகள்ல ஒரு நோட்டு மேடம். தொடர்ந்து ஆறு மாசத்து கல்லீரல் சாம்பிள் எல்லாத்தையும் சிவப்பு மையால அடிச்சு, 'ஏற்கவில்லை'ன்னு எழுதி, கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எல்லாமேவா கெட்டுப்போச்சு?"

"எல்லாம் கெடலை," என்றேன். "எதை நம்பலாம்னு தெரியாமப் போச்சு."

சரி மேடம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்குப் புரிந்திருக்காது. அந்த ஆறு மாதத்தில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்வதென்றால் அதில் என் பங்கையும் சொல்ல வேண்டும்.

நான் ஆவடியில் படித்து வளர்ந்தவள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததும் சில வருடம் ஓர் இரத்த வங்கியில் இருந்தேன். புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே, படுத்திருக்கும் ஆளைப் பெயர் சொல்லவைத்துக் கேள் என்று அங்கே பழக்கினார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸை அணைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னாலும் நான் எழுந்துபோய்ப் பார்ப்பேன். எண்பதுகளின் கடைசியில் முகப்பேரில் ஓர் அறக்கட்டளை நடத்திய புற்றுநோய் ஆய்வகத்தில் வேலைக்குக் கேட்டுப் போனேன். அதன் தலைவர் டாக்டர் ஹேமலதா ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டி, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். வெளியே 'சீரம்' என்று எழுதியிருந்தது. "சீரம்னு எழுதியிருக்கு மேடம்," என்றேன். மறுநாளே வரச் சொன்னார்.

மேடம் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நின்றபடியேதான் படிப்பார், நின்றபடியேதான் கேட்பார். ஒரு முடிவை எடுத்துக்கொண்டு போனால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். பதிவேட்டை வாங்குவார். திசு எத்தனை மணிக்கு வெட்டப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது, யார் வாங்கினார்கள், எந்தப் பெட்டியில் வைத்தார்கள் என்று விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் நிமிர்வார். பிறகு கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வேற என்னவா இருக்கலாம்?" நாம் சொல்லும் காரணத்தைத் தவிர வேறு எந்தக் காரணத்தால் இது இப்படி வந்திருக்கலாம் என்று அர்த்தம். மூன்று காரணமாவது சொல்லத் தெரியாவிட்டால் முடிவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் ஆய்வு கல்லீரல் புற்றைப் பற்றியது. உடம்பில் ஒரு செல் தானாகப் பெருகிவிடாது. வெளியிலிருந்து பெருகச் சொல்லி ஒரு சேதி வர வேண்டும். செல்லின் சுவரில் இருக்கும் ஒரு புரதம் அதை வாங்கி உள்ளே இருக்கும் இன்னொன்றுக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறி உட்கரு வரைக்கும் போகும். சேதி தன் கையில் இருக்கும்வரை ஒவ்வொரு புரதத்தின் மேலும் ஒரு சின்ன பாஸ்பேட் முத்திரை ஒட்டியிருக்கும். சேதி போய்ச் சேர்ந்ததும் அதற்கென்றே இருக்கும் வேறொரு புரதம் முத்திரையைக் கிழித்துவிடும். நல்ல ஈரலில் இது நிதானமாக நடக்கும். புற்றில் சேதி நிற்பதே இல்லை, முத்திரை கிழிபடுவதும் இல்லை. அந்த முத்திரையை மட்டும் கண்டுபிடிக்கும் ஒரு புது சோதனைத் திரவம், அதாவது ஆன்டிபாடி, அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வந்திருந்தது.

அதை வைத்துச் சோதிப்பது இரண்டு நாள் வேலை. திசுவை அரைத்து, அதன் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றி, அந்தத் தாளை ஆன்டிபாடியில் ஊறவைக்க வேண்டும். கடைசியில் இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கில் ஃபிலிமைக் கழுவும்போது முத்திரை இருந்தால் கறுப்பாக ஒரு பட்டை எழும். இல்லையென்றால் ஃபிலிம் வெறுமையாக இருக்கும்.

திசு பூந்தமல்லிப் பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து வரும். செவ்வாயும் வெள்ளியும் அங்கே அறுவை நாள். கட்டியிலிருந்து வெட்டிய துண்டை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து மொபெட்டில் கொண்டுவருவது தேசிங்குவின் வேலை. அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஆய்வகத்தில் தினக்கூலி. துடைப்பது, குப்பை கட்டுவது, கழுவுவது எல்லாம் அவர்தான். மொபெட் ஓட்டும்போது தூசிக்கு என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆய்வகத்துக்குள்ளும் கழற்ற மாட்டார். "இன்னா செலினம்மா, ஹீரோ மாதிரி கீறேனா?" என்பார். நான் சிரிப்பேன்.

ஆறு மாதத்தில் எங்களுக்கு ஒரு பெரிய விஷயம் கிடைத்ததுபோல் இருந்தது. கட்டிகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. ஒரு வகையில் பட்டை கன்னங்கரேலென்று வந்தது. இன்னொரு வகையில் ஒன்றுமே இல்லை. நடுவாந்தரமாக ஒன்றுகூட இல்லை. சேதி ஓடும் புற்று ஒன்று, ஓடாத புற்று ஒன்று என்று கல்லீரல் புற்றிலேயே இரண்டு நோய் இருப்பதாக மேடம் கட்டுரை எழுதத் தொடங்கினார். அந்த மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஒரு புது மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். சேதி ஓடுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா என்று எங்களிடம் கேட்டு எழுதியிருந்தார். அதாவது எங்கள் ஃபிலிமில் பட்டை இல்லாதவருக்கு மருந்து கிடையாது.

அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரின் திசு இரண்டாவது முறை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கட்டி எடுக்க முடியாத அளவுக்கு இருந்ததால் ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். அந்தத் துண்டில் பட்டை இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அதே கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்பினார்கள். அதில் பட்டை கரியாக இருந்தது.

மேடம் இரண்டு ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரே ஆள். ஒரே கட்டி," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "செலின், டியூப் மாறியிருக்குமா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"எப்படித் தெரியும்?"

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. மறுநாளிலிருந்து, திசுக் குழாய்களை வைக்கும் என் உறைபெட்டியின் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தப்பு என்று சொல்ல முடியாது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டை இல்லாதவை எல்லாம் வெள்ளிக்கிழமை வந்தவை. பட்டை உள்ளவை எல்லாம் செவ்வாய்க்கிழமை வந்தவை. வெள்ளிக்கிழமை அறுவை அறையில் எதையோ மாற்றிச் செய்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. ஆய்வு தொடங்கிய புதிதில் வந்த முதல் இரண்டு வெள்ளிக்கிழமைத் துண்டுகளில் பட்டை இருந்தது. அதற்கப்புறம்தான் காணாமல் போயிருக்கிறது. அறுவை அறையில் அதே ஆட்கள், அதே மருத்துவர். பிறகு நேரங்களைப் பார்த்தேன். துண்டு வெட்டிய நேரத்தை எழுதுவது தேசிங்கு, எங்களிடம் வந்த நேரத்தை எழுதுவது நான். எல்லா வெள்ளிக்கிழமையும் தேசிங்குவின் கையெழுத்தில் பயணம் நாற்பது நிமிடம் என்று இருந்தது. செவ்வாயில் ஒரு நாள் முப்பத்தைந்து, ஒரு நாள் ஐம்பது, மழையன்று ஒரு மணி நேரம். வெள்ளியில் மட்டும் எப்போதும் நாற்பது.

மறுநாள் காலையில் முகப்பேர் கறிக்கடைக்குப் போனேன். அப்போதுதான் வெட்டிய ஆட்டின் ஈரலைக் கடையிலேயே ஐஸில் போட்டு வாங்கிவந்தேன். ஒரு துண்டை உடனே உறையவைத்தேன். மற்றவற்றை பிளாஸ்கில் வைத்து மாடி வெயிலில் வைத்து, நாற்பது நிமிடம், ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. நல்ல ஈரல் என்பதால், இருட்டறையில் ஃபிலிமைக் கழுவியபோது முதல் இரண்டு பட்டைகளே மங்கலாகத்தான் வந்தன. மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கடைசி இரண்டு இடமும் வெறுமை. உயிரில்லாத திசுவிலும் முத்திரையைக் கிழிக்கிறவன் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறான். உறையவைத்தால்தான் அவன் நிற்பான்.

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை தேசிங்கு எங்கோ போகிறார். எங்கே? அந்த வாரம் முழுக்க என் மனம் ஒவ்வொரு கதையாகக் கட்டியது. மொபெட்டில் வேறு யாருக்கோ சரக்கு ஏற்றிப்போகிறார் என்றது. பிறகு, எங்கள் திசுவில் பாதியை வேறொரு ஆய்வகத்துக்குக் கொடுக்கிறார் என்றது. அது பொருத்தமாகத் தோன்றியதால் அதையே நம்பினேன். மேடத்திடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவந்து என் பெட்டிச் சாவியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். பூந்தமல்லியிலிருந்து வரும் மொபெட் அந்த வழியாகத்தான் மதுரவாயல் போய் முகப்பேருக்குத் திரும்ப வேண்டும். பதினொன்றரைக்குத் தேசிங்கு வந்தார். நேராகப் போகாமல் நூம்பல் சாலையில் திரும்பினார். நான் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவை நிறுத்தி ஏறினேன்.

புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்த வயல்களைத் தாண்டி ஓர் ஓட்டு வீட்டு வாசலில் அந்த மொபெட் நின்றது. பிளாஸ்க் கைப்பிடியில் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் சொம்பிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேசிங்கு தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கறுப்புக் கண்ணாடி மடியில் கிடந்தது. நான் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார். மஞ்சளாக இருந்தது.

"செலினம்மா," என்றார். எழுந்திருக்கவில்லை. "நீங்க இன்னா இங்க?"

"பிளாஸ்க் வெயில்ல தொங்குது."

"தெரியும். மொற வர ஒரு மணி நேரம், மருந்து குட்ச்சிட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஆடாம அசையாம ஒக்காரணும். வாந்தி எட்த்தா அம்புட்டும் வேஸ்ட்டு. வெள்ளிக்கெயம தான் குடுப்பாரு."

"எத்தனை மாசமா?"

"அஞ்சு மாசம் கீது. போவுது, திருப்பி வருது."

"ஏன் எங்க கிட்ட சொல்லலை?"

அவர் கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "டெய்லி லேபர் நானு. காமாலக்காரன்னு தெரிஞ்சா ஆப்ரேசன் ரூமாண்ட உடுவாங்களா? நீங்க உடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"நேரத்தை ஏன் மாத்தி எழுதினீங்க?"

"மூணு மணி நேரம்னு எய்தினா சொம்மா இருப்பீங்களா? துண்டு நல்லாத்தான கீதுன்னு நெனச்சேன். ஐஸ்ல தான கெடக்குது. அதுக்குள்ள இன்னா ஓடுது, எப்ப நிக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. ஐஸ், பிளாஸ்க், சீக்கிரம் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தோம்.

"ஊட்ல கூட தெரியாது," என்றார். "நான் தான் ஈரல எட்த்துனு வர்றேனே செலினம்மா. அந்த ஆளுங்கல்லாம் அப்பால இன்னா ஆனாங்கன்னு வார்டுல கேட்டுக்கினு தான் வர்றேன்."

பிளாஸ்கை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அதில் இருந்தது யாருடைய துண்டு என்று இப்போது நினைவில்லை. அது வீணாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆட்டு ஈரல் ஃபிலிமை மேடத்தின் முன் வைத்தேன். பார்த்தார். "வேற என்னவா இருக்கலாம்?" என்றார். அறுவை அறையும் டியூப் மாறுவதும் ஏன் பொருந்தாது என்று சொல்லி, மிஞ்சுவது நேரம்தான் என்றேன். நூம்பலைப் பற்றியும் சொன்னேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டுரையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அறுவை மருத்துவருக்கு, எங்கள் முடிவை வைத்து யாரையும் பிரிக்க வேண்டாம் என்று அப்போதே கடிதம் எழுதினார். செவ்வாய்க்கிழமைத் துண்டுகளையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சில நேரம் பொய்னு தெரிஞ்சப்புறம் மத்த நேரம் உண்மைன்னு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் அடிங்க," என்றார்.

தேசிங்குவைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. இரத்தம் எடுக்கச் சொன்னார். ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. ஈரலில் பல வருடம் தங்கிக் கடைசியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே புற்றைக் கொண்டுவரக்கூடிய வைரஸ். இரத்தத்தால் பரவுவது.

"தேசிங்கு, இங்க எப்பவாவது ஊசி குத்திச்சா? உடைஞ்ச டியூப் கிழிச்சுதா?" என்று மேடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவர் தரையைப் பார்த்தார். "தெரிலம்மா."

மேடம் என் பக்கம் திரும்பினார். "விபத்து நோட்டுல ஏதாவது இருக்கா?"

அந்த நோட்டு என் பொறுப்பு. "ஒண்ணும் இல்ல மேடம்," என்றேன்.

நோட்டில் ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆனால் எனக்கு நினைவிருந்தது. எட்டு ஒன்பது மாதம் முன்னால் குப்பைப் பை கட்டும்போது, பைக்குள்ளிருந்த ஊசி அவர் கட்டைவிரலில் ஏறியது. ஊசியைத் தனி டப்பாவில் போடாமல் அந்தப் பையில் போட்டது நானாகத்தான் இருக்க வேண்டும். அன்று ஆய்வகத்துக்கு வந்த நோயாளிகளிடம் இரத்தம் எடுத்தது நான் ஒருத்திதான். விரலைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். ஜெல் ஓடிக்கொண்டிருந்தது, என் கண் கடிகாரத்தில் இருந்தது. "சோப்புப் போட்டுக் கழுவுங்க," என்றேன். "நோட்டுல எய்தணுமா?" என்று கேட்டார். "அப்புறம் எழுதிக்கலாம்," என்றேன். அப்புறம் எழுதவில்லை.

அடுத்த வாரம் அறக்கட்டளைக் குழு கூட இருந்தது. நோய் வேலையில் வந்தது என்றால் சிகிச்சையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆளையும் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பொய் நேரம் எழுதியதற்காக வெளியே அனுப்பச் சொல்வார்கள். இதை மேடமே என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் என்று நான்கு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்குமோ, தேசிங்கு சொல்லியிருப்பாரோ, சொல்லிவிட்டு என்னைச் சோதிக்கிறார்களோ என்று தோன்றியது. மாடிப்படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றாலே என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். தேசிங்குவோ எப்போதும்போல் பெஞ்சைத் துடைத்தார், டம்ளர் கழுவினார். கறுப்புக் கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் விபத்து நோட்டை எடுத்து, நடந்ததை எழுதினேன். ஊசியைத் தவறான பையில் போட்டது நான் என்பதையும் எழுதினேன். மேடம் படித்தார்.

"தேதி?"

"சரியா நினைவில்ல மேடம்."

"நினைவில்லைன்னு எழுதுங்க. எழுதின தேதி இன்னைக்குன்னும் போடுங்க." பிறகு தேசிங்குவைக் கூப்பிட்டார். "ஊசி குத்தினதா செலின் எழுதியிருக்காங்க. உண்மையா?"

"ஆமாம்மா. குத்திச்சு."

"அன்னைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லலை?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மேடத்தைப் பார்த்தார். "செலினம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்க."

மேடம் நோட்டை மூடித் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊசியால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். இல்லை என்றும் நிரூபிக்க முடியாதே என்று மேடம் சொல்லியிருக்கிறார். தேசிங்குவைப் பொருள் அறைக்கு மாற்றி வேலையை நிரந்தரமாக்கினார்கள். எங்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். விபத்து நோட்டு வேறொருவர் கைக்குப் போனது. பெட்டிச் சாவி மட்டும் எனக்குத் திரும்ப வந்தது.

அதன் பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து திரவ நைட்ரஜன் வாங்கி, அதை அறுவை அறை வாசலுக்கே கொண்டுபோய், வெட்டிய கையோடு துண்டை உறையவைத்தோம். கடிகாரத்தோடு நானே நிற்பேன். ஒரு வருடம் முதலிலிருந்து செய்தோம். இரண்டு வகை என்பது மறைந்துபோனது. அநேகமாக எல்லாக் கட்டியிலும் சேதி ஓடியது, ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. மேடம் எழுதிய கட்டுரை சின்னது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. லேத் ஓட்டியவருக்கு அந்த மருந்து கிடைத்தது. பெரிதாகப் பலன் இல்லை. அந்த வருடத்துக்குள் இறந்துவிட்டார்.

இந்த வைரஸ் பெரியவர்களில் நிறையப் பேருக்குத் தானாகப் போய்விடும். தேசிங்குவுக்குப் போகவில்லை. ஆனால் அடங்கிக் கிடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் கூடப் போவேன். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தாலும், படத்தை வாங்கி நானும் ஒருமுறை பார்ப்பேன். நான் ஓய்வு பெறும்வரை அதில் ஒன்றும் இல்லை.

பொருள் அறையில் அட்டைப்பெட்டி கீறினாலும், கண்ணாடி உடைந்து கையில் பட்டாலும், அவர் நோட்டு இருந்தவரிடம் போக மாட்டார். என்னிடம்தான் வருவார். "எய்துங்க செலினம்மா," என்பார். நான் போய் நோட்டை வாங்கிவந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவர் ஜன்னலருகே எடுத்துப்போய், ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்த பிறகுதான் தன் கையெழுத்தைப் போடுவார்.